மூட்டையிலேயே தொலைந்துபோகும் ஊர்ப்பெயர்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். அங்கே ஓட்டலில் வேலை. "சார், நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியும், படத்தை மட்டும் பாருங்க" என்று போனில் ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலைக் காட்டினான். பெயர் ஷாப்லி.

"அது திராட்சையோட பேராப்பா?"

"இல்ல சார், ஊர் பேரு. திராட்சை ஷார்டொனே. ஆனா பாட்டில்ல ஊர் பேருதான் பெருசா இருக்கும்."

குளிர்ந்த ஊர். சிப்பிப் படிமங்கள் கலந்த சுண்ணாம்பு மண். இளசாக இருக்கும்போது ஒயின் எலுமிச்சைபோல் வெடுக்கென்று இருக்கும், இனிப்பே இருக்காது. நல்ல பாட்டிலைப் பத்து வருடம் வைத்திருந்தால் புளிப்பு அடங்கி, தேன் வாசனையும் பருப்பு வாசனையும் வருமாம். மண்ணுக்கும் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் விலை என்றான்.

எனக்குக் கொட்டச்சேடு ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பக்கத்து மலைப்பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பழம் பறிக்கும் காலம் வந்தால் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அம்மாவோடு காபித் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். திரும்பி வரும்போது விரலெல்லாம் கறை. அந்தக் கறைக்கு என்ன விலை கிடைத்தது என்று நான் அப்போது யோசித்ததில்லை.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார். இருநூறு வருடமாக வளர்கிறது; இன்று சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிக்குப் பக்கத்தில். ஆனால் 2019-ல் கூர்க், வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுடன்கிரி என்று ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதில் சேர்வராயன் இல்லை.

காத்திருப்புக்கு விலை உண்டு என்பதும் நம் நாட்டுக்குத் தெரியாததல்ல. மலபார் கரையில் காபிக்கொட்டையைப் பருவக்காற்றில் பல வாரம் பரப்பி வைக்கிறார்கள். கொட்டை உப்பி, வெளிறி, புளிப்புக் குறைந்து தனி ருசி வருகிறது. கப்பல் பயணத்தில் தற்செயலாக வந்த ருசி என்பார்கள். அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது.

நம் மலையில் சில எஸ்டேட்டுகள் சொந்தப் பெயரில் விற்கின்றன, சந்தோஷம். ஆனால் இரண்டு ஏக்கர்க்காரர் காயவைத்து மூட்டை கட்டி வியாபாரியிடம் போடுகிறார். அந்த மூட்டையோடு ஊர்ப்பெயரும் போய்விடுகிறது. பிறகு சிக்கரி கலந்து நம் டம்ளருக்கு வருகிறது.

பெயர் மட்டும் வந்துவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும், களத்தில் சரியாக உலர்த்த வேண்டும், நிழல் மரங்களை வெட்டாமல் இருக்க வேண்டும். ஆனால் எல்லா மூட்டைக்கும் ஒரே விலை என்றால் அந்தப் பாடெல்லாம் ஒரு ஏழை விவசாயி ஏன் பட வேண்டும்? பெயர் இருந்தால்தான் தரத்துக்குக் கூலி கிடைக்கும்.

சிறு விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து, காபி வாரியத்தின் உதவியோடு புவிசார் குறியீட்டுக்கு முயல வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை காபித்தூள் வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: "இது எந்த மலைக் கொட்டை?" பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.