எட்டு எங்கே போயிற்று?

உயர்தர வகுப்பு மாணவரின் பௌதிகவியல் விடைத்தாள்களை இவ்வாரம் திருத்தினோம். வினா எளியது. 3 கி.கி. திணிவுள்ள களிமண் உருண்டையொன்று செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் வலப்புறம் செல்கின்றது. 1 கி.கி. உருண்டையொன்று செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் அதற்கு நேரெதிரே வருகின்றது. இரண்டும் மோதி ஒட்டிக்கொண்டால் அவற்றின் வேகம் யாது?

திணிவை வேகத்தாற் பெருக்கினால் வருவது உந்தம். புறவிசை தாக்காவிடின் மொத்த உந்தம் மாறாது. இவ்வளவும் மாணவர் அறிவர். ஆயினும் பெரும்பாலோர் 12 ஐயும் 8 ஐயும் கூட்டி, 20 ஐ 4 ஆல் வகுத்து, விடை 5 என எழுதியிருந்தனர். எதிரே வந்தது முட்டியதனால், 4 இற் சென்ற பெரிய உருண்டை 5 இல் விரைந்ததாம்! முற்றத்திற் போளையடிக்கும் சிறுவனும் இதனை நம்பான். சிவப்பு மையாற் சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டோம்.

தாளைப் பெற்ற மாணவன் ஒருவன் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, உந்தம் அழியாது என்றுதானே படிப்பித்தீர்கள்? கழித்தால் அந்த எட்டு அழிந்துபோகுமே" என்றான். நாம் வாயடைத்து நின்றோம். அவன் விதியை மறந்து பிழைவிட்டவனல்லன். விதியை நம்பிப் பிழைவிட்டவன்.

டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞரும் 1644 இல் வெளியிட்ட நூலில் இவ்விடத்திலேயே இடறினார். இயக்கத்தின் அளவு மாறாதென்று கொண்ட அவர், திசையைக் கணக்கில் எடுக்கவில்லை. ஓய்விலிருக்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் ஒருபோதும் அசைக்காது என்றும் எழுதினார். திசையையுஞ் சேர்த்துக் கணித்த ஹைகன்ஸின் விதிகள் 1669 இல் அச்சேறின. இடையிற் சென்றவை 25 ஆண்டுகள். நம் மாணவனுக்கு நாம் கொடுத்ததோ ஒரு பாடவேளை!

ஆகவே அவனிடம் கடன் கணக்குப் பேசினோம். கையில் 12 ரூபா. கொடுக்கவேண்டிய கடன் 8 ரூபா. கடனைத் தீர்க்குமுன்னரும் உனக்குச் சொந்தம் 4 ரூபாவே. தீர்த்தபின்னரும் 4 ரூபாவே. அதுபோல, மோதுமுன்னரே மொத்த உந்தம் வலப்புறமாக 4 தான். அதனை 4 கி.கி. ஆல் வகுத்தால் செக்கனுக்கு 1 மீற்றர். முதலிற் படங்கீறி, எப்பக்கம் நேர், எப்பக்கம் மறை என்று அம்புக்குறியிட்ட பின்னரே எண்களைத் தொடவேண்டும் என்றுஞ் சொன்னோம்.

தலையசைத்துச் சென்றவன் மறுநாளும் வந்தான். இயக்கசக்தி முன்னர் 56 யூல், பின்னர் 2 யூல். மிகுதி 54 எங்கே என்றான். களிமண்ணை நசுக்குவதிற் செலவாகி, பெரும்பாலும் வெப்பமாயிற்று என்றோம்.

"தொட்டாற் சுடுமா, ஐயா?"

4 கி.கி. களிமண்ணில் அச்சிறு வெப்பம் கைக்குத் தெரியாது என விளக்கினோம். பின்னர் அவனுடைய தாளை வாங்கி, நாம் எழுதிய சிவப்பு வரியை வெட்டிவிட்டோம். புள்ளியை மாற்றவில்லை.