ப்ரொஃபைல் பக்கத்தில் ஏன் சாதி?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் முதலாமாண்டு மாணவி ஒருவர் போன மாதம் தன் கைபேசியைக் காட்டினார். அவர் படிக்கும் கல்லூரியின் ஆப். புகைப்படம், பெயர், ரோல் நம்பர், அதற்குக் கீழே 'கம்யூனிட்டி: எஸ்.சி.' இன்னும் கீழே ஸ்காலர்ஷிப் விவரம். "இது உனக்கு மட்டும்தானேம்மா தெரியும்?" என்று கேட்டோம். இல்லை. வகுப்பில் யார் அவர் பெயரைத் தொட்டாலும் அந்தப் பக்கம் திறக்கிறது. ஹாஸ்டலில் உடன் தங்கிய பெண் முதல் வாரமே பார்த்திருக்கிறார். இரண்டாம் வாரம் வேறு அறைக்குப் போய்விட்டார்.

கல்லூரியில் கேட்டோம். "வேண்டுமென்று செய்யவில்லை, சாஃப்ட்வேர் அப்படித்தான் வருகிறது" என்றார்கள். நம்புகிறோம். சேர்க்கைப் படிவத்தில் எத்தனை கட்டங்கள் உண்டோ அத்தனையையும் திரையில் கொட்டிவிடுவது எளிது. பார்ப்பவர் யார் என்று சரிபார்த்து, அவரவருக்கு உரியதை மட்டும் காட்டுவது கூடுதல் வேலை. தன் சாதி வெளியே தெரிவதால் எதையும் இழக்காதவருக்கு அப்படியொரு வேலை இருப்பதே தோன்றாது.

"அப்படியானால் சாதிக் கட்டத்தையே எடுத்துவிடலாமே" என்கிறார்கள் சில நண்பர்கள். (இடஒதுக்கீடு பற்றிப் பேசும்போதும் இதே நண்பர்கள் இதையேதான் சொல்வார்கள்.) கூடாது. இடஒதுக்கீடு, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, நம் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்ற கணக்கு எல்லாமே அந்தக் கட்டத்தை நம்பித்தான் இருக்கின்றன. பதிந்து வைப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு.

நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. மாணவரின் சாதியை வகுப்பில் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ அறிவிப்பது பாகுபாடு என்று யுஜிசியின் 2012 விதிமுறைகளே சொல்கின்றன. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளி வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. அந்தப் பதிவேடாவது ஆசிரியர் மேசையில் கிடந்தது. இந்தப் பக்கம் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது.

சாதி, வருமானம், உதவித்தொகை மூன்றையும் அந்த மாணவரும் உதவித்தொகைப் பிரிவு ஊழியரும் மட்டும் பார்க்கட்டும். மற்றவர்களுக்குப் பெயரும் துறையும் போதும். திரையில் மறைத்துவிட்டு சர்வரிலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்தால் அது மறைப்பு ஆகாது. தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

மனு கொடுத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. பக்கம் அப்படியே இருக்கிறது. அந்த மாணவி தன் புகைப்படத்தை மட்டும் எடுத்துவிட்டார். அவரால் மாற்ற முடிந்தது அது ஒன்றுதான்.