முதலில் ஊரோடு வாழட்டும், பிறகு யோசனை சொல்லட்டும்

விவசாயத்தில் புதிதாக ஒன்றைச் சொல்லித்தர ஒருவர் உங்கள் ஊருக்கு வருகிறார். படித்தவர்தான். ஆனால் உங்கள் மொழியும் தெரியாது, மண்ணும் தெரியாது. அவர் பேச்சை எப்போது நம்புவீர்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக் கிராமங்களைப் பாருங்கள். அமெரிக்க அரசு 1961-ல் தொடங்கிய 'பீஸ் கோர்' அமைப்பின் தன்னார்வலர்கள் 1963-லிருந்து அங்கு போய்வருகிறார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் மொழியும் தொழிலும் பயிற்சி. பிறகு இரண்டு ஆண்டுகள் கிராமத்தில் வாசம். அங்கே இருக்கும்போது ஊர்க்காரர்களைப் போல எளிமையாக வாழ்வதற்கான படி கிடைக்கும்.

தங்குவது ஒரு விவசாயக் குடும்பத்தோடு. அந்தக் குடும்பமே அவருக்கு உள்ளூர்ப் பெயர் வைக்கிறது. விடியற்காலையில் பெண்கள் உரலில் கம்பு இடிக்கும் சத்தம் எழுப்பிவிடும். கிணற்றில் நீர் இறைக்க வேண்டும். ஒரே பெரிய பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து, எல்லோரோடும் வலக்கையால் சாப்பிட வேண்டும். பிறகு கரி அடுப்பில் தேநீர் கொதிக்கும். மூன்று சுற்று, முதலாவது கசக்கும், மூன்றாவது இனிக்கும். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். புதியவருக்கு இது வீண்பொழுதாகத் தோன்றும். ஆனால் யார் வீட்டில் விதை தீர்ந்தது, யார் நிலம் மணற்பாங்கு என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும்.

அவர்கள் பயிர்கள் நமக்குப் பழக்கமானவையே: கம்பு, சோளம், நிலக்கடலை, தட்டைப்பயறு. மழை ஜூன் முதல் அக்டோபர் வரைதான். அந்த மாதங்களில் வயலில் வேலை அதிகம், வீட்டில் தானியம் குறைவு. அப்போது கைகொடுக்கும் கீரைகளில் ஒன்று, இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட முருங்கை. அங்கே அதன் பெயர் 'நெபெதாய்'. பாத்தியில் நெருக்கமாக விதைத்து, மரமாக வளரவிடாமல் வெட்டி வெட்டி இலை எடுக்கும் முறையைத் தன்னார்வலர்கள் சொல்லித்தருகிறார்கள்.

முறை எளிதுதான். ஆனால் அறுவடை முடிந்ததும் ஆடுமாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். வேலி இல்லாவிட்டால் பாத்தி மிஞ்சாது. எந்த வழியாக ஆடு வரும் என்பதைக் கையேடு சொல்லாது. கூட வாழ்ந்தவருக்கே தெரியும்.

இரண்டு ஆண்டில் கிளம்பிவிடுவாரே என்கிறீர்களா? உண்மைதான். வேலியைக் கவனிக்க ஊர்க்காரர் ஒருவர் முன்வராவிட்டால் பாத்தியும் அவரோடு போய்விடும். எனவே அவர் எத்தனை பாத்தி போட்டார் என்பது கணக்கல்ல; போன பிறகு எத்தனை மிஞ்சியது என்பதே கணக்கு.

நம் வேளாண் கல்லூரி மாணவர்களும் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் கிராமங்களுக்கு வருகிறார்கள். விதைநேர்த்தி செயல்விளக்கம், ஒரு புகைப்படம் என்று பல இடங்களில் முடிந்துவிடுகிறது. குறை அவர்களிடம் மட்டுமில்லை. நாமும் கைகட்டி நின்று பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

அடுத்த முறை வருகிறவர்களை வயலில் இறக்கிக் களையெடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவேளை சோறு போடுங்கள். அவர்கள் சொல்வதையும் பொறுமையாகக் கேளுங்கள். முக்கியமாக, அறுவடைக்கு மறுபடியும் வரச் சொல்லுங்கள். தாங்கள் நேர்த்தி செய்த விதை என்ன விளைந்தது என்று அவர்களும் பார்க்க வேண்டுமல்லவா?