புயல் கூண்டும் போர்க் கப்பல்களும்

"பாம்பனில் புயல் கூண்டு ஏற்றப்பட்டது" என்னும் செய்தி இராமநாதபுரம் மாவட்டத்தாருக்குப் புதியதன்று. ஐப்பசி பிறந்துவிட்டால் நாளிதழின் ஒரு மூலையில் அது வந்துகொண்டே இருக்கும். 1 முதல் 11 வரை எண்ணிட்ட அந்த அடையாளங்கள், பகலில் கூண்டாகவும் இரவில் விளக்காகவும் நின்று கடலோடிகளை எச்சரிக்கின்றன. அதைக் கண்டு கரையில் நிற்பது கோழைத்தனம் என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். வரலாறு அவர்களுக்கு வேறு விடை தருகிறது.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். நகரை 11 இலட்சம் வராகனுக்கு ஆங்கிலேயரிடமே திருப்பித் தர அவர் உடன்பட்டார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே உடன்படவில்லை. அக்டோபர் நடுவில் வாடைக்காற்று தொடங்கும் என்பதும், காவலற்ற திறந்த கரையில் கப்பல்கள் நிற்கலாகாது என்பதும் இருவரும் அறிந்தவையே. எனினும் பூசல் தீரும்வரை கப்பல்கள் நின்றன. அக்டோபர் 13 இரவு புயல் வீசியது. ஆங்கிலேயரின் பீரங்கியால் சாகாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓரிரவில் கடலுக்கு இரையாயினர். புயலுக்குப் பகைவர், நண்பர் என்ற பாகுபாடு ஏது? 1761 புத்தாண்டு நாளில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பற்படையும் அவ்வாறே சிதைந்தது.

அக்காலத்தில் வானிலை அறிவியல் வளரவில்லையே என்பீர்கள். வானொலியும் விமானமும் வந்த பின்னரும் நடந்தது என்ன? 1944 டிசம்பர் 18 அன்று பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கிழக்கே ஹால்சி தலைமையிலான அமெரிக்கக் கப்பற்படை பெரும் புயலுள் சிக்கியது. தரைப்படைக்குத் துணைநிற்பதாகக் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும். கப்பல்களுக்கு எண்ணெயும் நிரப்ப வேண்டும். இவ்விரு அவசரங்களுக்கிடையே புயலின் போக்கைத் தவறாகக் கணித்தனர். எண்ணெய் குறைந்து எடை இழந்திருந்த நாசகாரிக் கப்பல்கள் உருண்டு கவிழ்ந்தன. மூன்று கப்பல்கள் மூழ்கின. சுமார் 790 பேர் மாண்டனர்.

பின்னர்த் தலைமைத் தளபதி நிமிட்ஸ் தம் படைக்கு ஒரு மடல் விடுத்தார். முன்னெச்சரிக்கை பின்னால் தேவையற்றதாகிவிடுமோ என்று தயங்குவதைவிடக் கடலோடிக்கு ஆபத்தானது வேறில்லை என்பதே அதன் சாரம். வென்றவன் எழுதிய பாடம் இது. இதையா கோழைத்தனம் என்பது?

நமக்கு இப்பாடம் ஏட்டிலிருந்து வந்ததன்று. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டதையும், பாம்பனிலிருந்து சென்ற ரயில் பயணிகளோடு அலைவாய்ப்பட்டதையும் நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். இன்று செயற்கைக்கோள் படங்கள் உண்டு. புயல் பிறக்கும் முன்பே அறிவிப்பு வருகிறது.

ஆயினும் அறிவிப்பு வந்தால் மட்டும் போதுமா? 2017 ஒக்கிப் புயலில், எச்சரிக்கை எட்டுமுன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. கரையில் ஏறிய கூண்டு நடுக்கடலில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. லா பூர்தொனேயை நிறுத்தியது பணயத்தொகை. ஹால்சியை நிறுத்தியது வாக்குறுதி. நம் மீனவனைக் கடலுக்கு அனுப்புவது அடுப்பில் உலையேறாத கவலை. கூண்டு ஏறினால் மீன்வளத்துறை விசைப்படகுக்கு அனுமதிச் சீட்டு தருவதில்லை, அது சரியே. ஆனால் பங்குக்குப் போகும் தொழிலாளியின் வீட்டில் அன்று என்ன சமைப்பது? தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. அதுபோலக் கூண்டு ஏறிய நாட்களையும் எண்ணிக் கணக்கிட்டு நாட்கூலி தரவேண்டும். ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் எச்சரிக்கை பெறும் கருவி இருத்தல் வேண்டும். இவையே என் கருத்து.

தளபதிகள் நிற்க மறுத்தது அவர்கள் குற்றம். மீனவன் நிற்க முடியாமற் போவது நம் எல்லோருடைய குற்றம். மாணவ நண்பர்களே, நம் வகுப்பறைகளில் கடலோரக் குப்பங்களிலிருந்து வந்தோர் பலர் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் தந்தையர் அச்சமின்றியும் பசியின்றியும் கரையில் நிற்க வழிகாண்போமாக!