இடைவேளையாவது காதுக்கு வேண்டாமா?

கச்சேரிக்கு ஒலியமைப்பவர்களே, இடைவேளையில் ஸ்பீக்கரைக் குறைத்தால் கூட்டத்தின் சூடு ஆறிவிடும் என்கிறீர்கள். சூடேற்றியது டிரம்ஸ் வாசித்தவரின் கை. உங்கள் ப்ளேலிஸ்ட் அல்ல. அவர் இறங்கி வந்து வியர்வையைத் துடைப்பதற்குள் வேறொரு பாட்டை அலறவிட்டு, வாசித்ததை மனதிலிருந்தே விரட்டிவிடுகிறீர்கள். பாராட்ட வரும் ரசிகர் காதருகே கத்த வேண்டியிருக்கிறது. பாடகியோ அடுத்த சுற்றுக்குக் காப்பாற்ற வேண்டிய தொண்டையை, அவருக்குப் பதில் சொல்லியே தேய்க்கிறார். இது என்ன நியாயம்?

காதையும் நினையுங்கள்: 3 டெசிபல் ஏறினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசையரங்குகளுக்கு வகுத்த நெறி, சராசரி 100 டெசிபல் உச்சவரம்போடு, காது ஓய்வெடுக்க அமைதியான இடமும் வேண்டும் என்கிறது. வாசிப்பே நின்றிருக்கும் இடைவேளையிலும் அலறவிடுவது யாருக்காக? மிக்சரில் அந்த ஒரு ஃபேடரைக் கீழே இறக்குங்கள், மனிதர்கள் பேசிக்கொள்ளட்டும்.