வழக்கு காப்பாற்றிய படம்

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் ‘கீசக வதம்’. வெளிவந்த ஆண்டு 1916 என்பார் ஒருவர், 1917 என்பார் இன்னொருவர், 1918 என்று அடித்துச் சொல்வார் மூன்றாமவர். சங்ககாலப் புலவருக்குக் காலம் குறிப்பதில் சண்டை வரலாம். நேற்றைய சென்னையில் எடுத்த படத்துக்குமா? படம் கையில் இல்லை என்பதால்தான் இந்தச் சண்டை.

எடுத்தவர் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். சென்னையில் மோட்டார் கார் வியாபாரம் செய்தவர். பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமரா பழகிக்கொண்டு, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் ‘இந்தியா ஃபிலிம் கம்பெனி’யைத் தொடங்கினார். தலைக்கு மேல் மெல்லிய வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, அதில் வடிந்திறங்கும் வெயிலில்தான் படப்பிடிப்பு. சுருளைக் கழுவச் சென்னை வெப்பம் ஒத்துவராது. அதற்குப் பெங்களூரில் ஒரு கூடம். ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’, ‘லவகுசா’, ‘மார்க்கண்டேயா’ என்று படங்கள் தொடர்ந்தன. ஸ்டூடியோவில் தீ, வீட்டில் மகனின் சாவு. 1923 வாக்கில் எல்லாவற்றையும் விட்டு விலகிவிட்டார்.

அவர் 1971 வரை வாழ்ந்தார். சினிமா பேசக் கற்று, கோட்டையையும் பிடித்துவிட்ட காலம் அது. ஆனால் அவர் எடுத்த ஒரு படமும் இன்று இல்லை. அன்றைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், கிடந்தால் மட்கும். ஓடி முடிந்த பிரதியிலோ வெள்ளியைப் பிரித்தெடுத்துக் காசாக்கலாம்.

தப்பிப் பிழைத்த ‘மார்த்தாண்டவர்மா’வின் (1933) கதையைப் பாருங்கள். சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைப் படமாக்கினார்கள். பதிப்புரிமை தங்களுடையது என்று நாவலை வெளியிட்ட கமலாலயா புத்தக நிலையம் வழக்குப் போட்டது, படம் முடங்கியது. பிரதி பதிப்பகத்தார் வசம் கிடந்ததால், 1974-இல் பூனாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கிடைத்தது. வெற்றிகரமாக ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. வழக்கில் சிக்கிய படம் மிஞ்சியது. பாதுகாக்க வேண்டும் என்று நினைத்து நாம் பாதுகாத்ததல்ல அது.

சினிமாக்காரர்களை முதலமைச்சர்களாக்கிய மாநிலம் இது. முன்னோடிகளுக்குச் சிலை கேட்கவும் விருது அறிவிக்கவும் இங்கே ஆள் உண்டு. நாம் கேட்பது குளிரூட்டிய ஒரு கிடங்கு, பயிற்சி பெற்ற நாலு பேர், ஆண்டுதோறும் நிற்காத நிதி. படச்சுருள் மட்டுமல்ல, நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கணக்கேடு, வழக்குக் கட்டு எல்லாம் அங்கே சேரவேண்டும். இல்லையென்றால் அடுத்த தலைமுறை நம் பேசும்படங்களுக்கும் ஆண்டு கேட்டுச் சண்டை போடும்.