வகுப்பறைத் திரை யாருக்கு வேலை கொடுக்கிறது?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இன்று 20,000-க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் இருக்கின்றன. பெரிய பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் கையில் கைக்கணினி, பாடநூல் பக்கங்களில் கியூஆர் கோடு, 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி, 2023 முதல் மணற்கேணி செயலி. கருவி இல்லை என்று குறைபட்டுக்கொண்ட காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால், இவற்றைப் பற்றிய பேச்சு எத்தனை வாங்கினோம், எத்தனை பள்ளிகளில் பொருத்தினோம் என்ற கணக்கைத் தாண்டுவதில்லை. திரை ஒளிரத் தொடங்கியதும் வகுப்பில் உண்மையில் வேலை செய்வது யார் என்று கேட்பவர்கள் குறைவு. செலவழித்த பணம் படிப்பாக மாறுகிறதா என்பது அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பெரும்பாலான வகுப்புகளில் வேலை செய்வது திரை மட்டுமே. ஆசிரியர் காணொலியை ஓடவிடுகிறார், குழந்தைகள் அமைதியாகப் பார்க்கிறார்கள், முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கிறார். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. இந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம்? பின்னாளில் 'வெரிட்டாசியம்' யூடியூப் அலைவரிசையால் உலகப் புகழ்பெற்ற டெரிக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார். இயற்பியல் கருத்து ஒன்றைத் தெளிவாக, சுருக்கமாக விளக்கும் காணொலியை ஒரு குழுவுக்குக் காட்டினார். இன்னொரு குழுவுக்கு, மாணவர்களிடம் வழக்கமாக இருக்கும் தவறான எண்ணத்தை ஒருவர் சொல்ல, மற்றவர் மறுத்து வாதாடும் காணொலி. முதல் குழுவினர் பாடம் தெளிவாக இருந்தது என்றார்கள்; அவர்களுடைய மதிப்பெண் ஏறக்குறைய நகரவே இல்லை. இரண்டாம் குழுவினர் குழம்பினார்கள், கூடுதலாக மூளையைக் கசக்கினார்கள். தேர்வில் முன்னேறியதும் அவர்களே. தெளிவான காணொலி, குழந்தை ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதைத் தொடாமலே கடந்துபோய்விடுகிறது. நம் செயலிகளில் இருக்கும் காணொலிகளில் பெரும்பாலானவை மிகத் தெளிவானவை என்பதுதான் என் கவலை.

ஓர் எளிய உதாரணம். குளிர்ந்த நீர் நிறைந்த டம்ளரின் வெளிப்பக்கம் துளித்துளியாக வியர்க்கிறதே, அந்த நீர் எங்கிருந்து வந்தது? உள்ளிருந்து கசிந்தது என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள், பெரியவர்களிலும் உண்டு. நீராவி குளிர்ந்து சுருங்குவதை அசைபடமாக நான்கு நிமிடம் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அல்லது, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, உள்ளிருந்தா, காற்றிலிருந்தா என்று முதலில் ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் நிற்கச் சொல்லலாம். எதிர்ப்பக்கம் நிற்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு, மீண்டும் கை தூக்கச் சொல்லலாம். அடுத்து, அதே டம்ளரில் சிவப்பு மையைக் கரைத்தால் துளி எந்த நிறத்தில் இருக்கும் என்று கேட்கலாம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர், கணக்கையெல்லாம் சரியாகப் போடும் தன் மாணவர்கள் அடிப்படைக் கருத்தில் தடுமாறுவதைக் கண்டு, 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையின் சாரம் இதுதான்: கேள்வி, தனித்தனி முடிவு, சக மாணவரோடு விவாதம், மறுபடி முடிவு. அங்கே அதற்கு மின்னணு வாக்குக் கருவி வந்தது. இங்கே வண்ண அட்டைகள் போதும். அசைபடத்தைக் கடைசியில் காட்டினால் குழந்தைகள் அதை உற்றுப் பார்ப்பார்கள். அதற்குள் அவர்களுக்கு அதில் ஒரு பந்தயம் இருக்கும்.

சக மாணவரிடம் கற்பது நமக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முன்முயற்சியில், செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி வளர்த்தெடுத்த முறை அதற்கு முன்மாதிரி. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. சுவரில் ஏணிப்படி தொங்கியது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்துக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தது. சில அட்டைகளுக்கு ஆசிரியர் உதவி, சிலவற்றுக்குச் சக மாணவர் உதவி, சிலவற்றைத் தானே முடிக்க வேண்டும். குழந்தைகளின் உயரத்துக்குத் தாழ்மட்டக் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல். 'ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் வேகத்தில்' என்று இன்று மென்பொருள் நிறுவனங்கள் விற்பதை, மின்சாரமே இல்லாமல் செய்து பார்த்த மாநிலம் இது.

அது ஏன் நிலைக்கவில்லை? 2007-ஐ ஒட்டி மாநிலம் முழுக்க ஒரே வீச்சில் விரித்தபோது, சில பள்ளிகளில் ஊறி வளர்ந்த முறை மற்ற இடங்களில் சுற்றறிக்கையாகப் போய்ச் சேர்ந்தது. அட்டைகள் கிழிந்தன, மாற்று வரவில்லை. அட்டையைக் கையாளும் சடங்கு தங்கியது; எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்க்கும் கண் எல்லா இடத்துக்கும் போகவில்லை. புதுக் கருவிகளை இறக்கும் எவரும் இந்தக் கதையை முதலில் படிக்க வேண்டும். படிப்பதாகத் தெரியவில்லை.

மென்பொருளால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கற்றல் மென்பொருளைப் பயன்படுத்திய மாலை நேர மையங்களை கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் அவர்களை ஆறாம் வகுப்புப் பாடத்தில் உட்கார வைக்கவில்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். கூடவே சிறு குழுவாகச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குஜராத்தில் லீ லிண்டன் செய்த இன்னொரு ஆய்வு இதைவிடக் கறாரானது. ஒரே கணினிப் பாடத்தைப் பள்ளி நேரத்தில் ஆசிரியருக்குப் பதிலாக வைத்தபோது கற்றல் குறைந்தது; பள்ளி முடிந்த பின் கூடுதலாக வைத்தபோது கூடியது.

கரோனா காலம் நமக்கு வேறொரு பாடம் வைத்திருந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. ஆனாலும் 2021 டிசம்பரில் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சோதித்தபோது பெரும் கற்றல் இழப்பு தெரிந்தது. ஏறக்குறைய 19,000 குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணம் என்பதையும் கண்டது. மாலையில் தெருவிலும் திண்ணையிலும் இருபது பிள்ளைகளோடு உட்கார்ந்த தன்னார்வலர்கள் செய்த வேலை அது. அவர்களில் மிகப் பலர் அதே ஊர்ப் பெண்கள்.

ஆக, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க ஓர் ஆளும் நேரமும் வேண்டும். ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். இங்கேதான் திரை மிகவும் உதவ முடியும். மூன்று வகுப்புப் பிள்ளைகளை அது அரை மணி நேரம் வேலையில் வைத்திருந்தால், எழுத்துக் கூட்டத் தடுமாறும் ஐந்தாறு பேரோடு ஆசிரியர் தரையில் உட்கார்ந்துவிடலாம். ஆனால், திரையில் வரும் பாடங்களில் பெரும்பாலானவை ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியர் என்ற கற்பனையில் எடுக்கப்பட்டவை. பிள்ளைகள் செய்ய வேண்டியது அவற்றில் குறைவு. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது நல்ல யோசனை. அந்த ஆண்டின் அசர் என்ற கல்வி நிலை ஆய்வறிக்கையில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதை நினைத்தால் அவசரமான யோசனையும்கூட. ஆனால், நிலை பிரித்ததைச் செயலியில் ஏற்றும் வேலையும், எமிஸ் என்ற கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் ஓயாமல் பதிவிடும் வேலையும் ஆசிரியரின் தலையில் விழுந்தன. எமிஸ் பணியிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்கின்றன. சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் என்று அதிகாரிகள் சலித்துக்கொள்ளலாம். இந்த ஒன்றில் சங்கங்கள் பக்கம்தான் நியாயம். குழந்தையைப் பார்க்கும் நேரத்தைத் தின்றுவிட்டுக் குழந்தையைப் பற்றிய தரவைத் தருகிற கருவியால் யாருக்கு லாபம்?

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதே சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்குப் பயிற்சியில் ஜிபிடி-4 உதவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியில் 48 விழுக்காடு முன்னேற்றம். உதவியைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்ததும், அந்த உதவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பை மட்டும் கொடுக்கும்படி கட்டிப்போட்ட வடிவத்தில் இந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. நம் ஆய்வகங்களில் இனி நிறுவப்படும் மென்பொருள் எந்த வகை என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே கேட்டுவிடலாம். விலையை மட்டும்தான் கேட்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

கடைசியாக, தேர்வு. வண்ண அட்டையும் டம்ளர் விவாதமும் எட்டாம் வகுப்போடு நின்றுபோவதற்கு ஆசிரியரின் சோம்பல் காரணமல்ல. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தலைமையாசிரியர் கூட்டத்தில் கேட்கப்படுவது தேர்ச்சி விகிதம் மட்டும்தான். அதற்குப் புத்தகத்தின் பின்பக்க வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பதே குறுக்குவழி. இதில் ஒரு கதவு இப்போது திறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 11-ம் வகுப்புப் பொதுத் தேர்வு நீக்கப்பட்டுள்ளது. 2017-ல் அதைக் கொண்டுவந்ததற்கே காரணம், தனியார் பள்ளிகள் பலவும் 11-ம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து, 12-ம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் மனப்பாடம் செய்ய வைத்ததுதான். பழைய பழக்கம் திரும்ப வர அதிக நாளாகாது. அதற்குள், 11-ம் வகுப்பின் அகமதிப்பீட்டில் ஒரு பகுதியையாவது, மாணவர் தாமே சோதனை செய்து, கணினியில் தரவைப் பதிந்து, சக மாணவர் முன் வாதாடிக் காட்டும் வேலைக்கு ஒதுக்கும் ஓர் அரசாணை வந்தால், ஆய்வகங்களில் இருக்கும் கணினிகளுக்கு இணையவழித் தேர்வைத் தவிர வேறொரு வேலையும் கிடைக்கும்.